கூடைக்குள் காய்க்கும் கொடி

அறுசுவை என்று வாயாரச் சொன்னாலும், நாம் போற்றுவது இனிப்பு ஒன்றையே. விருந்தினரை வரவேற்பதும் குழந்தையைக் கொஞ்சுவதும் தாய்மொழியைப் பாராட்டுவதும் இனிமையின் பெயராலேதான். புளிப்புக்கும் உவர்ப்புக்கும் நம் புகழுரைகளில் இடமில்லை. கேட்டுக் கேட்டு அலுத்த கதையைப் புளித்துப்போன கதை என்கிறோம். பயிர் ஏறாத மண்ணை உவர் நிலம் என்று ஒதுக்குகிறோம். நாம் இவ்வாறு ஒதுக்கிவைத்த இரு சுவைகளையுமே தன் பெருமையாகக் கொண்ட பானம் ஒன்று உண்டு. கிரேக்க நாட்டுச் சந்தோரினித் தீவிலே, ‘அசிர்த்திக்கோ’ என்னும் வெண்திராட்சையிலிருந்து வடிக்கப்படும் வைன் அது. அதன் கதையைத் தமிழ் வாசகருக்குச் சொல்லவேண்டும் என்ற ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு.

மதுவைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று புருவம் உயர்த்துவோர் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘குடி’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு அருந்துதல் என்பது ஒரு பொருள். குடும்பம், மரபு என்பது மற்றொரு பொருள். நான் எழுதப்போவது முதலாவது குடியைப் பற்றியன்று. இரண்டாவது குடியைப் பற்றியே. ஒரு போத்தலுக்குள் அடங்கிவிடும் அந்தப் புளிப்பை ஆக்குவதற்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் என்ன செய்யவேண்டியிருக்கிறது, அக்குடும்பம் இல்லாது போனால் எது இல்லாது போகும் என்பதே என் பொருள்.

யவனர் தந்த மது

ஈஜியன் கடலின் மது நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. புறநானூற்றின் 56ஆம் பாட்டிலே நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த நறுமண மதுவை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர அவன் நாள்தோறும் அருந்தி மகிழவேண்டும் என்கிறார். 1945இல் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் வெளிப்பட்டன. அங்கு கிடைத்த சாடிகளுள் கொஸ் தீவின் வகையைச் சேர்ந்தனவும் உண்டு. கொஸ் தீவும் ஈஜியன் கடலில் உள்ளதே. அத்தீவின் மது பண்டைக் காலத்தில் கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. கேட்டோ என்ற உரோம எழுத்தாளர் வேளாண்மை பற்றிய தம் நூலில் அதன் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார்.

அச்சாடிகளுள் சந்தோரினியின் மது இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கடலின் மது தமிழ்க் கரைக்கு வந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன என்பதும், அந்நாளிலேயே உப்பின் சாயலைக் குறையாகக் கருதாத சுவைஞர் இருந்தனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை. சந்தோரினி மதுவில் இன்று யாரும் கடல்நீர் கலப்பதில்லை. ஆயினும் அதைச் சுவைத்தவர் எவரும் உப்பைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

எரிந்த மண்

தேசப்படத்தில் பார்த்தால் சந்தோரினி ஒரு பிறைபோலத் தோன்றும். முன்பு அது ஏறக்குறைய வட்டமான தீவாக இருந்தது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு பேரெரிமலை வெடித்தது. மனித குலம் கண்ட மிகப் பெரிய வெடிப்புகளுள் அதுவும் ஒன்று. தீவின் நடுப்பகுதி சரிந்து கடலுக்குள் போயிற்று. எஞ்சிய விளிம்பின்மீது சாம்பலும் நுரைக்கல்லும் பல மீற்றர் தடிப்புக்குப் படிந்தன. அப்படிவின் கீழே ஒரு நகரமே புதைந்து கிடந்தது. 1967இல் ஸ்பிரிடோன் மரினாட்டொஸ் என்ற தொல்லியலாளர் அக்குரோத்திரி என்னுமிடத்தில் அகழத் தொடங்கியபோது, மாடிவீடுகளும் சுவரோவியங்களும் பெருந்தாழிகளும் சாம்பலுக்குள் குலையாமல் இருந்தன.

அந்தச் சாம்பல் பிற்காலத்தில் வேறொரு வகையிலும் நம் கடல்வழியைத் தொட்டது. சுண்ணாம்போடு கலந்தால் நீருக்குள்ளும் இறுகும் இயல்பு அதற்கு உண்டு. 1869இல் திறக்கப்பட்ட சுயெஸ் கால்வாயின் கட்டுமானத்துக்கு இத்தீவின் எரிமலை மண் ஏற்றிச் செல்லப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கொழும்புக்கு வந்த கப்பல்கள் கடந்த கால்வாயில் சந்தோரினியின் மண்ணும் ஒரு பங்காளி.

கட்டடத்துக்கு உதவிய அம்மண் பயிருக்கு உதவுமா? பார்ப்பவர் ‘உதவாது’ என்றே சொல்வர். அதில் மக்கிய இலைதழை இல்லை. களி இல்லை என்றே சொல்லிவிடலாம். தீவில் ஆறு கிடையாது. மழையோ ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 350 மில்லிமீற்றர். பல ஆண்டுகளில் அதுவும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெய்யும் மழையில் மூன்றிலொரு பங்குகூட அது தேறாது. பெய்வதும் மாரியில் மட்டுமே. கோடை முழுவதும் வானம் வெறுமையாய்க் கிடக்கும். வடக்கிலிருந்து ‘மெல்தேமி’ என்னும் காற்று மணலை வாரி வீசும். இரவில் கடலிலிருந்து எழும் ஈரத்தை நுரைக்கல் பஞ்சுபோல் உறிஞ்சிவைக்கிறது. கோடையில் கொடிக்குக் கிடைக்கும் நீர் பெரும்பாலும் அவ்வளவே.

ஆனால் இந்த வறுமையே அத்தீவின் கொடிகளைக் காப்பாற்றியது. 1860களில் வட அமெரிக்காவிலிருந்து ‘பிலொக்ஸெரா’ என்னும் நுண்பூச்சி ஐரோப்பாவுக்குள் புகுந்தது. திராட்சையின் வேரை உறிஞ்சி வாழும் அப்பூச்சி சில பத்தாண்டுகளுக்குள் பிரான்சு முதலிய நாடுகளின் தோட்டங்களைப் பாழாக்கியது. அமெரிக்கக் கொடியின் வேர்மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டவைப்பதன்றி வேறு மருந்து கிடைக்கவில்லை. இன்றும் உலகின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்கள் அவ்வாறு இரவல் வேரில் நிற்பனவே. சந்தோரினியின் களியற்ற மணலில் அப்பூச்சியால் வாழ முடியவில்லை. ஆகவே அங்குள்ள கொடிகள் தம் சொந்த வேரில் நிற்கின்றன.

கொடியை முடைதல்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில், ஏதென்ஸிலிருந்து கப்பலேறி அத்தீவுக்குச் சென்றேன். கோடையில் நிற்க இடமின்றி நெருக்கும் வெள்ளைத் தெருக்கள் அப்போது ஆளரவமற்றுக் கிடந்தன. தீவின் உட்புறத்தில், மேட்டின்மேல் அமைந்த பிர்கொஸ் என்னும் கிராமத்தருகே, சிறிய தோட்டமும் அதனோடு ஒட்டிய மதுச்சாலையும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தாரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிட்டியது. எண்பதை நெருங்கும் தந்தை. நாற்பது வயதுள்ள மகள். தந்தைக்குக் கிரேக்கம் மட்டுமே தெரியும். மகள் ஆங்கிலத்தில் எனக்கு எடுத்துச் சொன்னாள்.

திராட்சை என்றால் பந்தலை நினைத்துப் பழகியவன் நான். அங்கே பந்தலைத் தேடினேன், காணவில்லை. வெளிறிய மணற்பரப்பிலே, இரண்டு மூன்று முழ இடைவெளி விட்டு, பெரிய குருவிக்கூடுகளைத் தரையில் வைத்தாற்போல் வட்டவட்டமாக ஏதோ கிடந்தன. அவையே கொடிகள். ஒவ்வொரு மாரியிலும் புதிய கிளைகளுள் நல்லவற்றைத் தேர்ந்து, மற்றவற்றை வெட்டிவிட்டு, எஞ்சியவற்றை ஒன்றன்மேலொன்றாக வளைத்து முடைந்து கூடையாக்குகிறார்கள். ‘கூலூரா’ என்பது அதன் பெயர். வளையம் என்று பொருள். கோடையில் கிளைகள் வெளிப்புறமாகத் தழைக்க, குலைகள் கூடையின் உட்புறத்தில் தொங்கும். காற்றும் மணலும் சுடுவெயிலும் குலையைத் தீண்டா. இரவின் ஈரமும் கூடைக்குள் சற்று நேரம் கூடத் தங்கும். அடுத்த மாரியில் அக்கூடையின்மேல் இன்னொரு சுற்று ஏறும்.

கிழவர் குனிந்தபடியே ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிக்கு நகர்ந்துகொண்டிருந்தார். கிளையை வளைக்குமுன் விரலால் ஒருமுறை நெருடிப் பார்ப்பார். சில கிளைகளை விட்டுவிடுவார். ஏன் விட்டார் என்று நான் கேட்டதற்கு, அது ஒடிந்துவிடும் என்பது கைக்குத் தெரியும் என்று மகள் விளக்கினாள். நான் ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்பதை அவள் சொல்லியிருந்தாள் போலும். அவர் என்னை ‘ஆசிரியரே’ என்றே விளித்தார். இந்தக் கொடிக்கு வயது என்ன என்று வினவினேன்.

“ஆசிரியரே, கூடையின் வயதைக் கேட்கிறீர்களா, வேரின் வயதைக் கேட்கிறீர்களா?” என்றார்.

விடை புரியாமல் நின்றேன். மகள் விவரித்தாள். எழுபது, எண்பது ஆண்டுகள் சென்றபின் கூடை தடித்து முதிர்ந்துவிடும்; சாறு நுனிவரை ஏறாது; காய்ப்புக் குன்றும். அப்போது கூடையை அடியோடு வெட்டி எடுத்துவிடுவார்கள். மண்ணுக்குள் இருக்கும் வேர் சாவதில்லை. அதிலிருந்து புதிய முளை வரும். அந்த முளையிலிருந்து புதிய கூடையொன்று முதற் சுற்றிலிருந்து தொடங்கும். இவ்வாறு ஒரே வேரின்மேல் மூன்று, நான்கு கூடைகள் வந்துபோயிருக்கக் கூடும். அவர் முடைந்துகொண்டிருந்த கூடையைத் தொடங்கியவர் அவருடைய தந்தை. வேரின் வயது யாருக்கும் தெரியாது.

நான் மனத்துக்குள் கணக்கிட்டேன். ஒரு கூடையைத் தொடங்குபவர் அதன் முடிவைக் காண்பதில்லை. அதை வெட்டி எடுப்பவர் அதன் தொடக்கத்தைக் கண்டவரல்லர். கொடியின் ஆயுள் ஒரு மனிதனின் உழைக்கும் காலத்துக்குள் அடங்குவதில்லை. ஆகவே கூலிக்கு அமர்த்திய ஒருவரால் ஒரு மாரிக்குரிய சுற்றை முடைய முடியுமேயன்றி, கொடியின் முழு வாழ்வுக்குப் பொறுப்பேற்க முடியாது. அதற்கு ஒரு குடி வேண்டும்.

புளிப்பின் காரணம்

பழம் பழுக்கும்போது சீனி ஏறும், புளிப்பு இறங்கும். குளிர்நாடுகளில் புளிப்பு எளிதில் இறங்காது. வெப்பநாடுகளில் அது விரைந்து இறங்கிவிடும். அங்கே ஆக்கப்படும் வெண்ணிற வைன் பெரும்பாலும் கனத்து, துடிப்பின்றி, நாவில் மந்தமாகக் கிடக்கும். சந்தோரினியின் கோடை கொடியது. அப்படியிருந்தும் அசிர்த்திக்கோ நன்றாகப் பழுத்து, 13, 14 சதவீத மதுசாரம் தருமளவு சீனி திரண்டபின்னரும் தன் புளிப்பை விடுவதில்லை. எலுமிச்சையைக் கடித்தாற்போன்ற கூர்மை, உப்பங்காற்றின் ஒரு சாயல், மழை விழுந்த கல்லின் மணம், முடிவில் மெல்லிய புகைவாடை: நான் சுவைத்தபோது இவற்றை அந்த வரிசையிலேயே உணர்ந்தேன். இனிப்பு சிறிதும் இல்லை. வாய் கழுவியதுபோலத் துப்புரவாகிவிடும். சுட்ட மீனோடு அதைப் பரிமாறுவதன் பொருத்தம் அப்போது விளங்கிற்று.

இக்கூர்மைக்கு முதற் காரணம் அந்த இனத்தின் இயல்பு. இரண்டாவது காரணம் மண். திராட்சையின் புளிப்பில் பெரும்பங்கு தாத்தாரிக்கமிலத்துக்கு உரியது. மண்ணிலிருந்து பொட்டாசியம் மிகுதியாக ஏறினால், அது அவ்வமிலத்தோடு சேர்ந்து உப்பாகிப் படிந்துவிடும். சாற்றின் புளிப்புக் குன்றும். சந்தோரினியின் மண்ணில் பொட்டாசியம் குறைவு. ஆகவே அமிலம் சாற்றிலேயே தங்குகிறது. கல்லின் சுவை வேர்வழி ஏறிக் கிண்ணத்துக்கு வந்துவிட்டது என்று சிலர் எழுதுவது கவிநயம் மிக்க பேச்சேயன்றி அறிவியல் அன்று. கல்லுக்குச் சுவை இல்லை என்று புவியியலாளர் கூறுவர். கல் தருவது சுவையையன்று, இல்லாமையை. அந்த இல்லாமையே புளிப்பைக் காக்கிறது.

அறுவடை ஓகஸ்ட் மாதத்தில் நிகழும். ஐரோப்பாவில் முந்தி முடியும் அறுவடைகளுள் அதுவும் ஒன்று. கூடைக்குள் கைவிட்டுக் குலையைத் தேடி அறுக்க வேண்டும். இயந்திரத்துக்கு அங்கே வேலையில்லை. மின்சாரமும் குளிரூட்டலும் இல்லாத காலத்தில், பகலில் அறுத்ததைப் பகலிலேயே பிழிந்தால் வெப்பத்தில் சாறு கெட்டுவிடும் என்பதால் இரவில் பிழிந்தார்கள். அவ்வாறு செய்யப்பட்ட மதுவுக்கு ‘நிக்தேரி’ என்று பெயர். இரவு என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. பெயர் இன்றும் நிலவுகிறது. நுரைக்கற் சரிவைக் குடைந்து ஆக்கிய நிலவறையை ‘கனாவா’ என்பர். வெளியே தரை கொதிக்கும் நாளிலும் கனாவாவுக்குள் குளிர்ச்சி மாறாது.

நான் கண்ட குடும்பத்தின் கனாவா இரண்டு அறைகள் கொண்டது. பழைய அறையில் பாட்டனார் காலத்து மரப்பீப்பாக்கள். அவற்றில் வின்சாந்தோ என்னும் இனிய மது முதிர்ந்துகொண்டிருந்தது. குலைகளை ஒன்று, இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தி வற்றவைத்துப் பிழிவது அது. முற்காலத்தில் இத்தீவின் செல்வம் அதுவே. ருசியாவின் திருச்சபை அதை வழிபாட்டுக்கு வாங்கியது. 1917ஆம் ஆண்டுப் புரட்சியோடு அச்சந்தை மறைந்தது. புதிய அறையில் கறையிலுருக்குத் தாங்கிகள் நான்கு நின்றன. அவற்றில், வெப்பநிலை உயராமல் காத்து, சாற்றை மெல்ல நொதிக்கவிடுகிறார்கள். மதுவம் சீனியைத் தின்று மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். விரைந்து கொதித்தால் மணம் வாயுவோடு போய்விடும். மெல்ல நொதித்தால் தங்கும். தோட்டம் தந்தையின் பொறுப்பு. நிலவறை மகளின் பொறுப்பு. ஒட்டுத்தாள் ஒட்டுவது முதல் கணக்கு எழுதுவது வரை வேறு ஆள் இல்லை.

விட்டவரும் மீண்டவரும்

பழமை மாறாத தீவு என்று இதைக் கருதிவிடக் கூடாது. 1956ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் ஒன்று தீவை உலுக்கியது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிந்தன அல்லது பழுதுற்றன. பலர் ஏதென்ஸுக்கும் அதற்கப்பாலும் பெயர்ந்தனர். முடைய ஆளின்றிக் கூடைகள் சிதைந்தன. தங்கியிருந்த உழவர் விளைவித்ததைப் பெரும்பாலும் 1947இல் தோன்றிய கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்றனர். 1971இல் சந்தோரினி என்ற பெயர் சட்டத்தின் காப்பைப் பெற்றது. ஆனால் உலகம் அறிந்த உலர்ந்த வெண்மதுவாக அது உருப்பெற்றது 1980களின் பிற்பகுதி தொடங்கியே.

அம்மாற்றத்தில் பங்கெடுத்தவர்களுள் ஆசிரியரான வாசகருக்கு மகிழ்ச்சி தரக்கூடிய பெயர் பாரிஸ் சிகாலாஸ் என்பவருடையது. கணிதம் கற்பித்து வந்த அவர் 1991இல் தம் பெயரில் மதுச்சாலை தொடங்கினார். மற்றொருவர் ஹரிதிமொஸ் ஹட்சிடாகிஸ். கிரேத்தாத் தீவிற் பிறந்து, இங்கு தொழில் நிமித்தம் வந்தவர். அவர் மனைவியின் குடும்பத்துக்கு உரிய, ஒரு ஹெக்டேயரில் பாதியளவான தோட்டம் ஒன்று பிர்கொஸ் அருகே கிடந்தது. 1956ஆம் ஆண்டு நிலநடுக்கத்தோடு கைவிடப்பட்ட நிலம் அது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1996இல், கணவனும் மனைவியுமாக அதை மீள நட்டனர். இரசாயன உரமோ பூச்சிகொல்லியோ இல்லாமல் பயிரிட்டு, சிறிய கனாவா ஒன்றில் வடித்த அவர்களுடைய மது உலகப் புகழ் பெற்றது. ஹட்சிடாகிஸ் 2017இல் காலமானார். குடும்பத்தினர் மதுச்சாலையை மூடவில்லை, தொடர்ந்து நடத்துகின்றனர்.

இதைப் படித்து, கைவிட்டதையெல்லாம் மீட்டுவிடலாம் என்று மகிழ்ந்துவிட முடியாது. 1996இல் அந்நிலம் மீண்டதற்குக் காரணம், முடையத் தெரிந்த கைகள் அயற் தோட்டங்களில் அப்போது இருந்தமையே. நிலம் நாற்பது ஆண்டு காத்திருந்தது. வித்தை வேறு வீடுகளில் உயிரோடிருந்தது. எல்லா வீடுகளும் ஒருசேரக் கைவிட்டால் யாரிடம் போய்க் கற்பது?

கடல் தெரியும் நிலம்

அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. சந்தோரினியில் வாழ்வோர் சுமார் 15,000 பேர். 2023ஆம் ஆண்டில் அங்கு வந்த சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய 34 இலட்சம் பேர். அவர்களுக்கு விடுதி வேண்டும், நீச்சற்குளம் வேண்டும், பாதை வேண்டும். தீவின் பரப்போ 76 சதுர கிலோமீற்றருக்குச் சற்று ஏறக்குறைய. கட்டடம் எழும்பும் ஒவ்வொரு காணியும் ஏதோ ஒரு பயிர்நிலமே. நான் சந்தித்த குடும்பத்தின் தோட்டத்தில் ஒரு மூலையிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். அந்த மூலை மட்டும் கொடிநிலம் முழுவதையும்விட விலை மதிப்புடையது என்றும், அதைக் கேட்டு ஆட்கள் வந்துபோயினர் என்றும் மகள் சொன்னாள். அவளுடைய தம்பி விடுதியொன்றில் வேலை பார்க்கிறான். ஆறு மாதக் கோடையில் அவன் ஈட்டும் பணம், அவர்கள் இருவரும் ஆண்டு முழுவதும் பாடுபட்டு ஈட்டுவதைவிடக் கூடுதல். அவனை அவள் குறைசொல்லவில்லை. அவன் அனுப்பிய பணத்தில்தான் தாங்கிகளுள் ஒன்று வாங்கப்பட்டது.

வானமும் ஒத்துழைக்கவில்லை. மாரி வரண்டு, குளிர் குன்றி, கோடை நீண்டு, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் அறுவடை மிகச் சுருங்கியது. நல்ல காலத்திலேயே, ஐரோப்பாவின் பிற தோட்டங்களில் ஒரு ஹெக்டேயர் தரும் விளைவில் மூன்றிலொரு பங்கு கிடைத்தால் இங்கே பெரிது. அதிலும் குறைந்தால் என்ன மிஞ்சும்? 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீவைச் சுற்றிய கடலில் வாரக்கணக்கில் நில அதிர்வுகள் தொடர்ந்தன. பெப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினர். அது முடைதலுக்குரிய பருவம் என்பதை உலகச் செய்திகளைப் படித்தோருள் எத்தனை பேர் நினைத்திருப்பர்?

விளைவு குறைந்ததால் விலை ஏறிற்று. ஒரு கிலோ திராட்சையின் விலை சில ஆண்டுகளுக்குள் பல மடங்காயிற்று. இனி உழவன் நிலத்தை விற்கமாட்டான், கொடி பிழைத்தது என்று சிலர் கூறுகின்றனர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சிறிய மதுச்சாலைகள் பலவும் தம் தோட்டத்தில் விளைவதோடு அயலாரின் குலைகளையும் வாங்கியே ஆண்டை ஓட்டுகின்றன. விலை ஏறினால் முதலில் வாங்க முடியாமற் போவது அவைதாம். பெருமுதல் உடையோர் வாங்குவர். விலை உயர்ந்த போத்தல் உலகின் பெருநகரங்களுக்குச் செல்லும். வேறு சிலர், நீர்க்குழாய் அமைத்து, கம்பி கட்டி, கொடியை நேர்வரிசையில் நிறுத்தினால் செலவும் குறையும், ஆளும் வேண்டாம் என்கின்றனர். அவ்வாறு நட்ட தோட்டங்களும் தீவில் உள்ளன. அவற்றை இகழ எனக்கு உரிமையில்லை. கூனிய முதுகோடு எண்பது வயதில் மணலில் நகர்வது அழகிய காட்சி என்று பார்ப்பவன் சொல்லலாம். நகர்பவர் அல்லவா சொல்லவேண்டும்!

எனினும் ஒன்றைத் தெளிவாகப் பிரித்து நோக்கவேண்டும். அசிர்த்திக்கோ என்ற திராட்சைக்கு ஆபத்தில்லை. அது இன்று கிரேக்கப் பெருநிலத்திலும், ஆஸ்திரேலியாவிலும் நடப்பட்டு நன்றாகவே வளர்கிறது. எரிமலை மண்ணும் எங்கும் போய்விடாது. ஆபத்து இவ்விரண்டையும் இணைக்கும் மூன்றாவது பொருளுக்கே. எந்தக் கிளை வளையும், எது ஒடியும் என்று விரலால் அறிகிற அறிவு எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்பட்டதன்று. எழுதினாலும் ஏட்டைப் படித்து விரல் அதைக் கற்காது. மாரிதோறும், பெற்றோருக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, பல கிளைகளை ஒடித்து, வசை கேட்டுக் கற்கவேண்டிய பாடம் அது. வேர் நூறாண்டு பொறுக்கும். கூடை சில மாரிக்குமேல் பொறாது. கிளைகள் மனம்போனபடி படர்ந்து, காற்றில் முறிந்து, காய்ப்பை மறந்துவிடும்.

ஆகையால் இந்தப் புளிப்பைக் காக்கவேண்டுமாயின், பெயரைக் காக்கும் சட்டம் மட்டும் போதாது. கொடிநிலத்தைக் கட்டடநிலமாக்குவதற்கு எல்லை வகுக்கவேண்டும். முடையும் தொழிலுக்கு, விடுதித் தொழிலுக்கு நிகரான ஊதியம் கிடைக்கவேண்டும். பட்டறிவுள்ள முதியோரிடம் இளையோர் ஊதியத்தோடு கற்கும் ஏற்பாடு வேண்டும். இவை மூன்றும் அத்தீவினர்க்கும் அவர்தம் அரசுக்கும் இயலாதவை அல்ல. மது அருந்தாதவருக்கும் இதில் அக்கறை இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். மண்ணின் வறுமையைக் கையின் அறிவால் செல்வமாக மாற்றிய மனிதரின் தொகை உலகில் எங்கு குறைந்தாலும் அது நம் எல்லாருக்கும் உரிய இழப்பே.

அந்தத் தந்தை இப்போது தோட்டத்துக்குப் போவதில்லை என்றும், கூடைகளை மகளே முடைகிறாள் என்றும் அண்மையில் கடிதம் வந்தது. கடந்த மாரியில் தாத்தா தொடங்கிய கூடைகளுள் பதினொன்றை அடியோடு வெட்டிவிட்டாளாம். ஒன்பதில் முளை வந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் இன்னும் ஒரு மாரி காத்திருக்கப் போவதாக எழுதியிருக்கிறாள்.